வானியற்பியலில் பட்டம் படிக்க ஆசையா? சேர்வதற்கு முன்னும் சேர்ந்த பின்னும் செய்ய வேண்டியவை

முதல் செமஸ்டரில் நட்சத்திரம் வராது. கயிறு, கப்பி, சாய்தளத்தில் உருண்டு வரும் உருளை, சுருள்வில்லில் தொங்கும் எடை, இவைதான் வரும். கருந்துளைப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே வந்தவர்களில் பலருக்கு மூன்றாவது வாரத்திலேயே முகம் தொங்கிவிடும், இதற்கா சேர்ந்தோம் என்று. ஆமாம், இதற்குத்தான் சேர்ந்தீர்கள். பட்டத்துக்கு வானியற்பியல் என்று தனிப் பெயர் இருந்தாலும் அதில் முக்கால்வாசி சாதாரண இயற்பியல்தான், மீதிக் கால்வாசியில்தான் வானம் எட்டிப் பார்க்கும். அந்த முக்கால்வாசி பிடித்தால் மட்டும் சேருங்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதை இப்போதே செய்து பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டர் தகட்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் அதன்மேல் விழும் வெளிச்சத்தின் திறன் சுமார் 1361 வாட். சூரியன் இருக்கும் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர். இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சூரியன் மொத்தமாக எவ்வளவு ஆற்றலைக் கொட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். 15 கோடி கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு ராட்சதக் கோளத்தை மனதில் வரைந்து, அதன் பரப்பை 1361-ஆல் பெருக்கினால் போதும். சுமார் 3.8×10²⁶ வாட் வரும். மீட்டரில் போட வேண்டும், கிலோமீட்டரில் போட்டுவிட்டு விடை வரவில்லையே என்று உட்காராதீர்கள்.

சரி, அடுத்தது. இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சூரியன் தன் எடையாலேயே மெல்லச் சுருங்குகிறது, அப்படிச் சுருங்கும்போது வரும் வெப்பம்தான் வெளிச்சமாகிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கணக்குப் போட்டார்கள். நீங்களும் போடலாம். சூரியனின் நிறை 2×10³⁰ கிலோ, ஆரம் 7 லட்சம் கிலோமீட்டர், ஈர்ப்பு மாறிலி பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். நிறையின் வர்க்கத்தை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் ஈர்ப்பு ஆற்றலின் உத்தேச அளவு கிடைக்கும். அதை முதலில் கண்டுபிடித்த வாட்டால் வகுத்தால் காலம் நொடிகளில் வரும், ஆண்டாக மாற்றினால் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள். பாறைகளைப் படித்தவர்களுக்கும் டார்வினுக்கும் இந்த விடை ஒத்துக்கொள்ளவே இல்லை, பூமிக்கே அதைவிட எவ்வளவோ அதிக வயது இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இப்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஹீலியமாக இணையும்போது நிறையில் 0.7 சதவீதம் E=mc² படி ஆற்றலாக மாறுகிறது என்றும், சூரியனில் பத்தில் ஒரு பங்குதான் அப்படி எரியும் என்றும் வைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள். சுமார் 1000 கோடி ஆண்டுகள் வரும். பூமியின் வயது 454 கோடி ஆண்டு என்பதோடு இது சண்டை போடவில்லை.

இதைப் போட்டு முடித்ததும் வேறு நட்சத்திரத்துக்கும் போட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுத்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. நடுவில் எங்கேயோ தாளை மூடி வைத்துவிட்டு விடையை மட்டும் படித்தீர்கள் என்றால் வானத்தைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, பரீட்சை இல்லாமல் தொலைநோக்கியைத் தொடும் பாக்கியம் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இருக்கிறது. கணக்கு தப்பாகப் போனதா, பத்தின் அடுக்குகள் குழம்பினவா, அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது பழக்கத்தில் சரியாகும்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள்

ஒரே படிப்பு ஒரு பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் என்றும், இன்னொன்றில் வானியலும் இயற்பியலும் என்றும், வேறொன்றில் வெறும் இயற்பியல் என்றும் இருக்கும், அந்தக் கடைசியில் வானியற்பியல் விருப்பப் பாடமாக ஒளிந்திருக்கும். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் சென்னையில் வாங்கியது சாதாரண இயற்பியல் ஆனர்ஸ் பட்டம்தான், அதே ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதுதான் 19 வயதில் வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனவை) ஒரு நிறை எல்லை உண்டு என்ற கணக்கைப் போட்டார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும் எண் அந்த வழியில் வந்ததுதான். 1967-இல் பல்சாரை, அதாவது சீரான ரேடியோத் துடிப்பு அனுப்பும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த ஜோஸ்லின் பெல் கிளாஸ்கோவில் வாங்கிய இளநிலைப் பட்டமும் இயற்பியலில்தான். அதனால் பெயருக்காக ஓடாதீர்கள்.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இருக்கும், இறக்கி வைத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள். இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்பவியலோடு சேர்ந்த புள்ளியியல் இயற்பியல் என்று நான்கு தூண்கள். நான்கும் அறிமுக அளவோடு நின்றுவிடாமல் இரண்டாவது முறை ஆழமாக வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் கணிதம் வேண்டும், அதாவது பல மாறிகளில் நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், எதையும் அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே முறை. அப்புறம் கணினி நிரலாக்கம் கட்டாயப் பாடமா, கடைசி ஆண்டில் ஒரு முழு செமஸ்டராவது புராஜெக்ட் உண்டா. இவற்றில் இரண்டு தூண் குறைந்து, அதற்குப் பதிலாக விண்வெளி வரலாறு, விண்வெளிக் கொள்கை என்று பாடங்கள் நிரம்பியிருந்தால் யோசியுங்கள். படிக்கச் சுவாரசியமாக இருக்கும், ஆனால் பிறகு முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுவது அந்தத் தூண்கள்தான்.

துறைப் பக்கத்தில் பெரிய கூரைக் கவிகையோடு ஒரு தொலைநோக்கியின் படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். படிக்கும் ஒருவரைப் பிடித்து, இளநிலை மாணவர்கள் அதை ஆண்டுக்கு எத்தனை இரவு உண்மையில் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே வானியற்பியலில் இப்போது ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆர்க்சிவ் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம் 1991-இலிருந்து இருக்கிறது, இந்தத் துறைக் கட்டுரைகள் பெரும்பாலும் அங்கே வந்துவிடும். ஆசிரியர்களின் பெயரைப் போட்டுத் தேடினால் யார் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று பேராவது இருந்தால் பின்னால் புராஜெக்டுக்கு ஆள் கிடைக்கும்.

எத்தனை ஆண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும், மூன்று அல்லது நான்கு. ஐரோப்பியக் கணக்கு முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அப்படியானால் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். வகுப்பில் உட்கார்ந்திருப்பது இதில் சின்னப் பங்குதான். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டிய நிலை என்றால் இந்த எண்ணை முன்னால் வைத்துத் திட்டமிடுங்கள், அப்படிப் படித்து முடித்தவர்கள் உண்டு, ஆனால் ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் குறைத்து எடுத்துக்கொண்டவர்கள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள்.

சேர்வதற்கு முந்தைய சில மாதங்கள்

பலர் இந்தக் காலத்தில் பிரபஞ்சம் பற்றிய வீடியோக்களைப் பார்த்துத் தயாராகிறார்கள். அதெல்லாம் பசியைத் தூண்டும், வயிறு நிறையாது. நுண்கணிதத்தில் வகையிடலும் தொகையிடலும் யோசிக்காமல் கை போகும் அளவுக்குப் பழகுங்கள், திசையன்கள், முக்கோணவியல், மடக்கை. மடக்கை ஏன் என்றால், வானியலில் பிரகாசத்தை அளக்கும் அளவுகோலே மடக்கையில்தான் ஓடுகிறது. ஐந்து ஒளியளவு வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் 100 மடங்கு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். பண்டைய கிரேக்கர்கள் கண்ணால் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்த வழக்கம், இன்று வரை எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறோம்.

முதல் இரண்டு ஆண்டுகள்

இங்கேதான் ஆட்கள் உதிர்வார்கள். மின்காந்தவியலில் திசையன் நுண்கணிதம் வந்ததும் ஒரு கூட்டம், குவாண்டம் வந்ததும் இன்னொரு கூட்டம். இந்தப் பாடங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் படிப்பதுதான் பாதிச் சோர்வுக்குக் காரணம், அதனால் ஒரு கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1920-இல் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா ஒரு சமன்பாடு எழுதினார். வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்தால் ஒரு வாயுவில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லும். இது முழுக்கப் புள்ளியியல் இயற்பியலும் அணுவின் ஆற்றல் மட்டங்களும்தான், தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. சிசிலியா பெயின் என்ற ஆராய்ச்சி மாணவி 1925-இல் இதை நட்சத்திரங்களின் நிறமாலைக் கோடுகளோடு (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும், எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும் கோடுகள்) பொருத்திப் பார்த்தார். அதுவரை நட்சத்திரங்களும் பூமியைப் போன்ற கலவைதான் என்று நினைத்திருந்தார்கள். அவருக்கு வந்த விடையோ ஹைட்ரஜன்தான் மற்றதெல்லாவற்றையும் விடப் பல மடங்கு அதிகம் என்றது. அன்றைய பெரிய புள்ளியான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இது இருக்கவே முடியாது என்று சொன்னதால், தன் ஆய்வேட்டிலேயே இந்த எண் அநேகமாக உண்மையல்ல என்று எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். உங்கள் இரண்டாம் ஆண்டு வெப்பவியல் வகுப்பில் போல்ட்ஸ்மன் காரணி என்று ஒன்று, சாஹாவின் சமன்பாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது, கரும்பலகையில் வரும், தூக்கம் வரும் நேரம் அது, அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரணி இல்லாமல் நட்சத்திரம் எதனால் ஆனது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

படிக்கும் முறை பற்றி. விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்தமாதிரி இருக்கும், அதை நம்பவே நம்பாதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் கணக்கைத் தொடங்கி முடிக்க முடிந்தால்தான் புரிந்தது. வாரா வாரம் வரும் கணக்குத் தாளை முதலில் தனியாக ஒரு மணி நேரமாவது முட்டி மோதிவிட்டு, அப்புறம் மூன்று நான்கு பேரோடு உட்காருங்கள். இந்த வரிசை முக்கியம். நேரே குழுவுக்குப் போனால் கெட்டிக்காரர் ஒருவர் போடுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வருவீர்கள், தேர்வறையில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். விடைகளை இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ எடுப்பதும் அதே கதைதான், போட்ட பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், போடுவதற்கு முன்னால் வேண்டாம்.

ஒரு பாடத்தில் தவறிவிட்டால் உலகம் முடியவில்லை. ஆனால் அது இயக்கவியலோ கணிதமோ என்றால் உடனே, அதே ஆண்டில், மறுபடி எழுதி முடியுங்கள். மேலே வரும் பாடங்கள் அதன்மேல்தான் ஏறி நிற்கின்றன.

ஆய்வகத்தை வேண்டாவெறுப்பாகச் செய்பவர்கள் நிறைய, நானும் அப்படித்தான் இருந்தேன். ஊசல் வைத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடித்து, கால்குலேட்டர் காட்டிய எட்டுத் தசம இலக்கத்தையும் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் கடைசி ஆறு இலக்கங்களைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார். நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் அழுத்தும்போதே பத்தில் ஒரு நொடி தவறு வரும், பிறகு எட்டு இலக்கம் எங்கிருந்து வந்தது? பிழையளவு இல்லாத எண் இந்தத் துறையில் எண்ணே இல்லை. வானியலில் சோதனையை மாற்றிச் செய்து பார்க்க வழியில்லை, வந்து விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் பெரும்பாலும் எல்லாம், அதனால் பிழைக் கணக்கும் புள்ளியியலும் மற்ற இயற்பியல்காரர்களைவிட நமக்கு அதிகம் வேண்டும்.

நிரலாக்கம்: முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்

பாடத்தில் வரும் வரை காத்திருக்காதீர்கள். மொழி எது என்று குழம்பவும் வேண்டாம், பைத்தான். அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள், கணக்குக்கு நம்பை, வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப், அப்புறம் வானியலுக்கென்றே உள்ள ஆஸ்ட்ரோபை, மூன்றும் இலவசம். கூடவே கோப்பில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளையும் பழகுங்கள், இல்லாவிட்டால் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'கடைசி இதுதான்' என்று பெயர் வைத்த பத்துக் கோப்புகளோடு திண்டாடுவீர்கள். அறிக்கை எழுத, சமன்பாடுகளை அழகாக அச்சிடும் லேடெக்.

பழகுவதற்குப் பயிற்சிக் கணக்குகளை விட நிஜத் தரவு நல்லது, நிஜத் தரவு கொட்டிக் கிடக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013-இல் ஏவிய 'கையா' விண்கலம் சுமார் 180 கோடி நட்சத்திரங்களை அளந்திருக்கிறது, 2022-இல் வந்த மூன்றாவது தரவுத் தொகுப்பை யார் வேண்டுமானாலும் இறக்கலாம். எனக்குத் தெரிந்து ஒரு முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. கையா தரவுக் காப்பகத்துக்குப் போய், இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம், பக்கத்தில் இருந்தால் பெரிதாக இருக்கும்) 10 மில்லி ஆர்க்நொடிக்கு மேல் உள்ள நட்சத்திரங்களை மட்டும் கேளுங்கள் (ஆர்க்நொடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு, மில்லி அதில் ஆயிரத்தில் ஒன்று), அதாவது 100 பார்செக்குக்குள், சுமார் 326 ஒளியாண்டுக்குள் இருப்பவை. பிழையைப் போல இடமாறு கோணம் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடமாறு கோணத்தின் பத்தடிமான மடக்கையை 5-ஆல் பெருக்கி, தோற்ற ஒளியளவோடு (இங்கிருந்து பார்த்தால் தெரியும் பிரகாசம்) கூட்டி, 10-ஐக் கழித்தால் தனி ஒளியளவு வரும், அதாவது எல்லா நட்சத்திரத்தையும் 10 பார்செக் தொலைவில் வைத்துப் பார்த்தால் தெரியும் பிரகாசம். இந்த 10 எங்கிருந்து வந்தது என்று நீங்களே வருவித்துப் பாருங்கள், ஒரு குறிப்பு, கோணம் மில்லி ஆர்க்நொடியில் இருக்கிறது. கிடை அச்சில் நீல வடிகட்டிக்கும் சிவப்பு வடிகட்டிக்கும் உள்ள ஒளியளவு வித்தியாசம், செங்குத்து அச்சில் தனி ஒளியளவு, அதைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள்.

திரையில் ஒரு பட்டை குறுக்கே ஓடும், அதுதான் முதன்மைத் தொடர், சூரியனைப் போல மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள். மேலே வலப்பக்கம் கிளை பிரிந்து போவது ராட்சத நட்சத்திரங்கள். கீழே இடப்பக்கம் தனியாக ஒரு மெல்லிய கோடு, அவை வெள்ளைக் குள்ளர்கள், சந்திரசேகர் கப்பலில் கணக்குப் போட்ட அதே ஜாதி. பாடப் புத்தகத்தில் மை அச்சில் பார்த்த படத்தை உங்கள் கையாலேயே நிஜ நட்சத்திரங்களைக் கொண்டு வரைந்திருப்பீர்கள். நடுவில் கேள்விகளும் வரும்: முதன்மைத் தொடருக்குச் சற்று மேலே இணையாக இன்னொரு மங்கலான பட்டை எதற்கு? இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றாகத் தெரிவதால் வருவது. இப்படி ஒரு கேள்வியோடு ஆசிரியரைப் போய்ப் பார்க்கிற மாணவரை அவர் மறக்கவே மாட்டார்.

அடுத்த வேலையாக, வேறு நட்சத்திரங்களின் கோள்களைத் தேடப் போன கெப்ளர் அல்லது டெஸ் விண்கலத்தின் ஒளிவளைவு ஒன்றை, அதாவது நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தை எடுத்து, கோள் குறுக்கே போகும்போது வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கலாம். சூரியன் அளவு நட்சத்திரத்தை வியாழன் அளவு கோள் கடந்தால் சுமார் 1 சதவீதம் குறையும், பூமி அளவு என்றால் 0.01 சதவீதம்கூட இல்லை. முதலில் பெரிய கோளாகவே தேர்ந்தெடுங்கள்.

ஆசிரியரிடம் புராஜெக்ட் கேட்பது

இரண்டாம் ஆண்டு முடிவிலேயே கேட்கலாம், தகுதி வந்த பிறகு கேட்போம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசி ஆண்டில் மிச்சமிருக்கும் தலைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். சிறு வயதிலிருந்தே வானத்தின்மேல் எனக்குத் தீராத காதல் என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு வாரத்துக்கு ஒன்றாவது வரும். நீங்கள் யார், எந்த ஆண்டு, அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது புரிந்தது எது புரியவில்லை, உங்கள் கையால் என்ன செய்திருக்கிறீர்கள், அந்தக் கையா படத்தை இணைத்துவிடுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர்.

புராஜெக்ட் கிடைத்த முதல் மாதம் ஏமாற்றமாக இருக்கும். மென்பொருளை நிறுவுவதிலேயே பத்து நாள் போகும். அப்புறம் படங்களிலிருந்து மின்னணுக் கருவியின் அடிப்படை அளவைக் கழிப்பது, இருட்டுப் படத்தைக் கழிப்பது, சீரான வெளிச்சப் படத்தால் வகுப்பது என்று துடைக்கும் வேலை. கண்காணிப்பு இரவு கிடைத்தால் அன்றைக்குப் பார்த்து மேகம் வரும். தினமும் என்ன செய்தீர்கள் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், தோற்றுப்போன முயற்சிகளையும் சேர்த்து. அறிக்கை எழுதும் வாரத்தில் அந்த நோட்டு உங்களைக் காப்பாற்றும்.

பட்டத்துக்குப் பிறகு

வானியலாளராக வேலை பார்க்க இளநிலைப் பட்டம் போதாது. முனைவர் பட்டம் வேண்டும், அதற்குப் பிறகும் தற்காலிக ஆராய்ச்சிப் பணிகளில் சில ஆண்டுகள், பெரும்பாலும் ஊர் மாறி நாடு மாறி. நிரந்தர இடங்கள் முனைவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு, இதை யாரும் சேர்க்கையின்போது சொல்ல மாட்டார்கள். அதனால் எல்லாரும் அந்தப் பாதையில்தான் போக வேண்டும் என்று இல்லை. கூட்டமான தரவில் சின்ன அசைவைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவரைத் தரவுப் பகுப்பாய்விலும் மென்பொருளிலும் எடுத்துக்கொள்கிறார்கள், கருவிகளோடு பழகியவர்கள் ஒளியியல் பக்கமும், மேற்படிப்போடு மருத்துவ இயற்பியல் பக்கமும் போகிறார்கள், சிலர் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று இரண்டாம் ஆண்டிலேயே ஓர் உத்தேசம் வைத்துக்கொண்டால் விருப்பப் பாடங்களை அதற்கேற்ப எடுக்கலாம். முதுநிலை என்றால் பொதுச் சார்பியலும் கதிர்வீச்சுச் செயல்முறைகளும், வேலை என்றால் புள்ளியியலும் எந்திரக் கற்றலும்.

மேலே படிக்கப் போகிறீர்கள் என்றால் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். துறையில் பெரிய பெயர் யார் என்று பார்க்காமல், உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் யாரோ அவரிடம் கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதமாவது முன்னால் கேட்டு, கூடவே உங்கள் மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் அறிக்கை, எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஒவ்வொன்றின் கடைசித் தேதி என்ன, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை மெல்ல ஞாபகப்படுத்துங்கள், அவர்களும் மறப்பார்கள்.